பரோட்டாக் கடையில் முடிந்த அட்மிஷன்

1. செட்டர் இல்லாத டீம்

தென்காசிப் பக்கம் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். பதவியின் பெயர்தான் பெரிது. கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான்தான், வலை கிழிந்தால் தைப்பதும் நான்தான். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்மிஷன் சமயத்தில் நம் வேலை விளையாட்டு சொல்லிக்கொடுப்பது இல்லை, ஆள் பிடிப்பது. பிளஸ் டூ முடித்த நல்ல ஆட்டக்காரியை வேறு யாரும் கொத்திக்கொண்டு போவதற்குள் அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

அந்த வருடம் எங்கள் வாலிபால் டீமின் செட்டர் படிப்பை முடித்துப் போய்விட்டாள். செட்டர் என்றால், அடிப்பவளுக்குப் பந்தை ஏற்றித் தருகிறவள். நம் பக்கம் வரும் பந்தை இரண்டாவதாகத் தொடுவது அநேகமாக அவள் கைதான். மிச்சம் ஐந்து பேர்; ஆட ஆறு பேர் வேண்டும். ஒரு செட்டர் கிடைக்காவிட்டால் அந்த வருடம் டீமே கிடையாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுரண்டையில் முத்துச்செல்வி என்ற பெண்ணை மாவட்டப் போட்டியில் பார்த்திருந்தேன். அது விரலா, வேறென்னவா! பந்து பட்ட சத்தமே கேட்காது. அவளைச் சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகமும் கேட்டிருந்தது. இண்டோர் கோர்ட், ஜிம், ஹாஸ்டல் எல்லாம் இலவசம். என்னிடம் இருந்ததோ செம்மண் தரையும் என் வாயும்.

2. ஒரே வேன்

அவள் அப்பா காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. "ஞாயித்துக்கிழம வாங்க மேடம், பேசி முடிச்சிருவோம்" என்று போன் செய்தார். போனால், அங்கே பளபளக்கும் டிராக் சூட்டில் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோச். ஒரே பெண்ணைப் பார்க்க ஒரே நாளில் வந்துவிட்ட இரண்டு மாப்பிள்ளை வீட்டார்போல நாங்கள் விழித்தோம்.

அண்ணாச்சி அசரவே இல்லை. "குத்தால சீசன்லா மேடம். வந்த ஆளக் குளிக்க வைக்காம என்ன பேச்சு? ரெண்டு பேருக்கும் தனித்தனியா வேன் பிடிக்க முடியுமா? அதான் ஒண்ணா வரச் சொன்னேன்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். சீசனில் கலெக்டரே வந்தாலும் முதலில் அருவி, அப்புறம்தான் விஷயம்.

ஐந்தருவியில் ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். தண்ணீருக்கு அடியில் முத்துச்செல்வியை மடக்கிப் பேசிவிடலாம் என்பது என் திட்டம். தலையில் தண்ணீர் விழுந்ததும் திட்டம், பேச்சு, கல்லூரி எல்லாம் மறந்துபோயிற்று. அவளும் அவள் அம்மாவும் நானும் கையைக் கோத்துக்கொண்டு கத்திக் கத்திச் சிரித்தோம். வெளியே வந்தால், கோச்சை அண்ணாச்சி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். "சார், போதும், மத்தவங்களும் குளிக்கணும்லா!" அவரோ, "ரெண்டே நிமிஷம்ணே!" என்று கெஞ்சுகிறார்.

3. பரோட்டாவும் ஒரு கேள்வியும்

குளித்த பசியோடு பிரானூர் பார்டரில் ஒரு கடையில் பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். முதல் பரோட்டா உள்ளே போனதும் முத்துச்செல்வி கோச்சிடம் கேட்டாள். "சார், உங்ககிட்ட எத்தன செட்டர் இருக்காங்க?"

"நாலு பேர்மா. எல்லாரும் சீனியர்ஸ்."

"அப்ப நான் எப்ப ஆடுவேன்?"

அவர் பரோட்டாவைச் சால்னாவில் முக்கியபடி யோசித்தார். நல்ல மனிதர். "மொத வருஷம் பெஞ்சுதாம்மா. ரெண்டாவது வருஷமும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா அவங்களோட பிராக்டிஸ் பண்ணா நீ எங்கயோ போயிடுவே." அவர் சொன்னதும் நியாயம்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், உங்ககிட்ட?"

"செட்டரே இல்ல. வந்தா நீதான். தோத்தாலும் நீதான் ஆடணும், காச்சலடிச்சாலும் நீதான் ஆடணும். மழை பெஞ்சா கிரவுண்ட் தண்ணிய நாமளே வாரி ஊத்தணும். நல்லா ஆடுனா இங்கன இருந்தே நம்ம யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷனுக்குப் போலாம்."

அண்ணாச்சி வாயில் வைத்த பரோட்டாவை மெல்ல மறந்துவிட்டார். "மேடம், பிள்ளையக் கூப்பிடுதீங்களா, விரட்டுதீங்களா?"

"அப்பா, நான் மேடம் காலேஜ்லயே சேருதேன்" என்றாள் அவள்.

"ஏட்டி, அங்கன இண்டோர் கோர்ட்டுலா!"

"உக்காந்து பாக்கதுக்கு எதுக்குப்பா இண்டோரு?"

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது கோச்தான். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடாமல், எல்லோருக்கும் இன்னொரு ரவுண்டு பரோட்டா சொன்னேன்.

4. முதல் மேட்ச்

இப்போதெல்லாம் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, அவள் கேட்ட கேள்வியைத்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன். பெரிய இடமா, சின்ன இடமா என்பது இருக்கட்டும். நீ ஆடப்போகிற இடத்தில் உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேள். பதிலைக் கேட்டபின் எங்கே வேண்டுமானாலும் போ.

இன்டர் காலேஜ் முதல் மேட்சில் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றோம். அவளைத் தேற்றுவதற்கு நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன். முழங்கால் வரை செம்மண்ணோடு, மூச்சு வாங்க ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எத்தன பந்து மேடம்! எல்லாம் என் கைக்கே வந்துச்சு! நாளைக்கும் மேட்ச் இருக்கா?"

"தோத்த டீமுக்கு ஏதுட்டி நாளைக்கு மேட்ச்?"

"அப்ப பிராக்டிஸ் வைங்க" என்றாள்.