காளான் விற்கப் போய் சல்யூட் அடித்த கதை

நான் வளர்த்த காளானை விற்க இன்று மகளோடு கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். உள்ளே போகாமல், கதவைத் திறந்து பிடித்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றேன். பல வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்த கை, அதுபாட்டுக்கு எழும்பிவிடுகிறது.

“அப்பா, அந்த வேலைய விட்டு ஒரு மாசமாச்சு. உள்ள வாங்க!” என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இந்த ஹோட்டலும் வேண்டாமென்றால் காளான் கொட்டகையை மூடவேண்டியதுதான்.

என் சல்யூட்டைப் பார்த்துவிட்ட முதலாளி சிரித்துக்கொண்டே காளான் பெட்டியைத் திறந்து பார்த்தார். முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘நானா’.

“காளான் நல்லாத்தான் ஈக்குது தம்பி. கிழமைக்கு ஒருக்கா கொண்டு வாங்க. ஆனா வாசலுக்கும் ஒரு ஆள் தேவை. மாசச் சம்பளம், பகல் சாப்பாடு. வாறீங்களா?”

“இல்ல நானா, காளான் மட்டும் போதும்.”

திரும்பும்போது கலஹாவுக்குப் போகும் எங்கள் ஊர் பஸ் பனிமூட்டத்துக்குள் ஏறியது. தேயிலை மலை முழுக்க என் காளான்கள் வெள்ளை வெள்ளையாய் முளைத்து நிற்பதுபோல இருந்தது.

“சும்மா கெத்தா சொன்னீங்கப்பா!” என்று மகள் தோளில் சாய்ந்தாள்.

நானும் கெத்தாகவே தலையாட்டினேன். நானா இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரியென்று சொல்லியிருப்பேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.