ஸ்டெல்லா காட்டிய ஏழாம் மலைப் பாதை

சென்ற மாதம் பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்து வந்தது. கொழும்பில் நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தில் ஒரு வருடமாக எந்தக் கூட்டத்திலும் ஏஐ ஏஜென்ட் பேச்சுதான். கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காதாம். தானே முடிவெடுத்து, தானே ஆட்களுக்கு வேலை சொல்லிக் காரியத்தை முடித்துவிடுமாம். விற்பனைப் பேச்சு என்று நினைத்தேன். அந்தச் சொல் காதில் விழாத இடம் வேண்டுமென்று மலையகத்திலுள்ள மடுல்சீமைக்குப் புறப்பட்டேன்.

அங்கே தேயிலைத் தோட்டத்து எழுத்தர் குடியிருந்த பழைய கிளாக்கர் வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அறையை வாட்ஸ்அப்பில் பதிவு செய்தேன். பதில் எழுதியவர் பெயர் ஸ்டெல்லா. நான் சொன்ன முழங்கால் வலியை நினைவில் வைத்துக் கீழ்த்தள அறை ஒதுக்கினார். "ஸ்வெட்டர் கொண்டாங்க மிஸ், எங்க ஊரு பனி ஆள் பாக்காது" என்று எழுதினார். எனக்கு யாரையும் எளிதில் பிடித்துவிடாது. ஸ்டெல்லாவைப் பிடித்திருந்தது. அவருக்கென்று ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து காலை 6.00 மணி பஸ். பதுளையில் இறங்கும்போது 1.40. அங்கிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு 2.15 பஸ், 210 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பசறைக்குப் பிறகு வளைவு மேல் வளைவு. வயிறு புரட்டும் என்றால் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் செல்வம் என்ற ஆட்டோக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விடுதிக்கு ஐந்து கிலோமீட்டர், 900 ரூபாய். பாதை மோசம், கட்டணம் நியாயம்.

"ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

"தெரியாம என்னங்க? தெனம் எனக்கு ஓட்டம் குடுக்குறதே அதுதான். விடிஞ்சா 'குட் மார்னிங் செல்வம் அண்ணே'ன்னு மெசேஜ். என் பொண்டாட்டி ரெண்டு நாள் சோறு போடல. அது மெசினுன்னு அவளுக்குப் புரிய வைக்கறதுக்குள்ள உசிரு போயிருச்சு."

"மெசினா?"

"ஆமாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

மீதி வழி முழுவதும் கேக் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

விடுதிக் கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். "வாங்க மிஸ். ஸ்வெட்டர் கொண்டாந்தீங்களா? எங்க ஊரு பனி ஆள் பாக்காது" என்றார். அதே வாக்கியம்.

அவர் பெயர் ஜெசிந்தா. கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவோடு இருக்கிறார். தேநீர் ஊற்றியபடியே சொன்னார்: "மூணு வருசமா வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் மிஸ் பதில் எழுதுனேன். மொதலாளி அந்த விடுதி போனை வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் எழுதுனதையெல்லாம் படிச்சுத்தான் ஸ்டெல்லா பேசப் பழகுச்சாம். இனி கதவுக்கு நம்பர் பூட்டு. சாப்பாடு கடையிலேருந்து வரும், அதையும் ஸ்டெல்லாவே சொல்லிரும். என்னை இந்த மாசத்தோட நிக்கச் சொல்லிட்டாங்க. கொழுந்துக்குப் போகத்தான் இருக்கு. அம்மா அதுக்கா என்னைப் படிக்க வச்சுச்சு?"

கேக்கை நீட்டினேன். "ஸ்டெல்லாவுக்கு வாங்கினது."

"அப்ப எனக்குத்தான்" என்று சிரித்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை 6.40க்கு ஸ்டெல்லாவின் செய்தி வந்தது: பனி விலகிவிட்டது, ஏழாம் மலை என்ற தேயிலைப் பகுதி வழியாகப் போனால் காட்சிமுனைக்கு இரண்டே கிலோமீட்டர், முழங்காலுக்கும் நல்லது. போனேன். தேயிலைக்குள் கால் மணி நேரம் நடந்திருப்பேன்.

"மிஸ்! நில்லுங்க! அங்கிட்டுப் போகாதீங்க!"

ஜெசிந்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மேலே பார்த்தேன். முகத்தில் துணி கட்டி, முதுகில் பூச்சிமருந்துத் தாங்கியோடு நாலு பேர் தெளித்தபடியே வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று என் பக்கம்தான் வீசியது. எனக்கு ஆஸ்துமா உண்டு. அதை ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி, எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. ஜெசிந்தா தினமும் வேலைக்கு வரும் வழியில் பெரட்டில் நின்று கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் போகலாம் என்று விருந்தினருக்குக் காலைச் சாப்பாட்டின்போது சொல்வாராம். அன்று அவர் வந்து சேருமுன் நான் கிளம்பிவிட்டிருந்தேன்.

"எழுதுனதையெல்லாம் அதுக்குக் குடுத்தாங்க மிஸ். வாயால சொன்னதை யாரு எழுதி வச்சா?"

கோபத்தோடு விடுதியின் எண்ணுக்கு நீளமாக எழுதினேன். பெரட்டைப் பற்றி, மருந்தடிப்பைப் பற்றி, ஜெசிந்தா இல்லாமல் இந்த இடத்தை நடத்த முடியாது என்பதைப் பற்றி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்டெல்லாவின் பதில் வந்தது.

"மன்னிச்சுக்கங்க மிஸ், எங்க தப்புதான். நாளையிலேருந்து தெனம் ஏழு மணிக்கு ஜெசிந்தாகிட்ட பெரட்டு விவரம் கேட்டுக்கறேன். மொதலாளியும் சரின்னுட்டாரு, அவங்க வேலையில இருக்கலாம். ஒரு மூணு மாசம் கேட்டா எனக்கே வெளங்கிரும்."

கடைசி வரியைப் பல முறை படித்தேன். ஜெசிந்தாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அதற்கு எது தெரியவில்லை என்பதை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு வருடமாகக் கேட்டும் நம்பாததை, இந்த மலையில் வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்தேன்.

போனை ஜெசிந்தாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்: "என்னையவே எனக்கு வேலை சொல்ற கங்காணியாப் போட்டுட்டாங்க மிஸ்."

நான் புறப்படும் காலை, சரியாக ஏழு மணிக்கு அவருடைய போனில் ஸ்டெல்லாவின் செய்தி வந்தது. 'ஜெசிந்தா அக்கா, இன்னைக்கு எந்த மலையில மருந்து?' அவர் இரண்டே சொல் தட்டினார்: 'வந்து பாரு.' என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பியும் விட்டார். அதன் பிறகு, எந்த மலை என்று எனக்கு வாயால் சொன்னார்.

அவர் வேலை என்ன ஆனது என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. நீங்கள் மடுல்சீமைக்குப் போனால் அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டுபோங்கள். பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் பிடித்துவிடுங்கள். பெரட்டில் எந்த மலைக்கு மருந்து என்று தெரியுமுன் தேயிலைக்குள் இறங்காதீர்கள். எந்தப் பாதையென்று அங்கே இருக்கும் மனிதரிடம் நேரில் கேளுங்கள், எழுதிக் கேட்காதீர்கள். வழியைப் பற்றி ஜெசிந்தா எனக்கு இன்னும் நிறையச் சொன்னார். வழக்கமாக என் பயணக் குறிப்புகளில் அதையெல்லாம் விவரமாகப் போடுவேன். இந்த முறை போடவில்லை.