காற்றுப் புகாத வேன்

நான் பத்தாவதோடு நின்றவள். கல்யாண வீட்டில்கூட நாலு பேர் நடுவே உட்காரக் கூசி, சமையல்காரர்கள் பக்கம் போய் நின்றுகொள்கிறவள். இப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. ஆனால் இந்தச் சங்கதி முழுக்கத் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நானும் என் சித்தியும்தான். சித்தி அதைப் பற்றிப் பேசமாட்டார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பட்டுப்புழு வளர்ப்புதான் பிழைப்பு. வீட்டை ஒட்டி ஓடு போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. அதைப் புழு வீடு என்போம். குளிர்காலத்தில் குஞ்சுப் புழுக்கள் விறைத்துப் போகாமல் இருக்க, அப்பா ஒரு இரும்புச் சட்டியில் கரியை மூட்டி, வாசலில் வைத்துப் புகை போக விட்டு, கங்கு சிவந்த பிறகு உள்ளே கொண்டுபோய் வைப்பார். பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத கதகதப்பு புழுக்களுக்குக் கிடைக்கிறது என்று அம்மா சொல்லிக் காட்டுவார். ஓடுகளின் சந்தில் வானம் தெரியும். சன்னலுக்குக் கதவு கிடையாது, வலை மட்டும்தான்.

தாத்தா உயிரோடு இருந்தபோது ஏலத்தில் எடுத்த வேன் ஒன்று களத்து ஓரம் நின்றிருந்தது. அதில்தான் ஒரு காலத்தில் பட்டுக்கூடு மூட்டைகள் தர்மபுரிக்குப் போயின. இன்ஜின் படுத்த பிறகு கோழிகள் அதில் முட்டையிட்டன. அப்பா அதை ஓட வைத்து மறுபடியும் கூடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு போனால் வெயிலில் கெட்டுப்போகிறது என்பது அவருடைய கவலை.

சித்தப்பா லாரி டிரைவர். வடக்கே எங்கெங்கோ போய்வந்தவர். கல்யாணம் ஆகி ஆறேழு மாதம் இருக்கும், லாரி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். ஒகேனக்கல்லில் வெள்ளைக்காரர்கள் ஒரு வேனுக்குள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, குடும்பமாகக் குடியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இத்தனை வருடம் யாருடைய சுமையையோ ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன், ஒரு ஊரையும் பார்க்கவில்லை, ஒரு தடவையாவது சுமையில்லாமல் போய்வரவேண்டும் என்றார்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"வூட்ட வுட்டுட்டு வண்டிக்குள்ள ஒரு வூடு கட்றானாம். கேட்டியாடி?" என்றார் அம்மாவிடம், சித்தப்பா காதில் விழும்படி.

"ஒரே ஒரு தடவ அண்ணி. போய்ட்டு வந்து வண்டிய அண்ணன் கையில குடுத்துடறேன். மூட்ட ஏத்தட்டும், முட்ட வெக்கட்டும்" என்றார் சித்தப்பாவும் அம்மாவிடம்தான்.

அன்றிலிருந்து அண்ணன் தம்பி நேருக்கு நேர் பேச்சு நின்றுவிட்டது. ஒரே வாசலில் நின்றுகொண்டு இருவரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டடி தூரத்துக்கு நான் தபால்காரி. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கடத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பாய் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, துடைத்து, மாட்டினார். "உசுரு இருக்கு தம்பி. வெக்கந்தான் ஜாஸ்தி. தள்ளிவுட்டாத்தான் வாயத் தொறக்கும்" என்றார். மற்ற வேலை எல்லாம் சித்தப்பாவே செய்தார். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் அடித்தார். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில் என்று ஒரு பலகை. ஸ்டவ்வுக்கு ஒரு தட்டு. கூரைமேல் தண்ணீர் டிரம், அதிலிருந்து உள்ளே ஒரு குழாய். சித்தி அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்தார். அந்தத் திரையைப் பார்க்கவே ஊர்ப் பெண்கள் வந்தார்கள்.

ஆண்கள் வேறு மாதிரி வந்தார்கள்.

"எந்தக் கோயிலுக்குடா மாப்ள?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"கோயிலுக்கில்லீங்க மாமா."

"கண்ணாலமா?"

"அதுவும் இல்லீங்க."

"எழவுக்கும் இல்ல. பின்ன எதுக்குத்தான் போற?"

"சும்மா பாக்கறதுக்குங்க."

"அங்க மட்டும் என்ன, மனுசன் மண்ணா திங்கறான்? அங்கயும் சோறுதான்டா."

"அதத்தான் மாமா பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்லப்போறேன்."

சித்தப்பாவுக்கு எல்லாவற்றையும்விட அக்கறை சந்து பொந்துகளை அடைப்பதில் இருந்தது. வடக்கத்தி ரோட்டில் புழுதியும் குளிரும் அவரைப் படுத்திய பாடு அப்படி. நடுப்பகலில் என்னை வேனுக்குள் உட்கார வைத்து, கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, வெளியே நின்று கத்துவார்.

"வெளிச்சம் எங்கயாச்சும் தெரியுதா கண்ணு?"

"தெரியுது சித்தப்பா. கதவுக்கு மேல, ஊசி முனையாட்டம்."

அந்த இடத்தில் சாக்குத் துணியைத் தாரில் நனைத்துத் திணிப்பார். கதவு ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினார். கடைசியில் ஒரு நாள் உள்ளே கும்மிருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. இப்போது எதுவுமே தெரியவில்லை என்று கத்தினேன். சித்தப்பா கதவைத் திறந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "இனிமே எறும்புகூட நம்மளக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றார்.

முதலில் ஏற்காடு வரை போய்ப் பார்ப்பது, வண்டி ஏறினால் தைமாதம் கன்னியாகுமரி என்று முடிவாயிற்று. மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து மலை ஏறவேண்டும். சித்தப்பாவும் சித்தியும் மட்டும். எனக்கு அரைப் பரீட்சை. நான் அழுது பார்த்தேன், பலிக்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் எலுமிச்சம் பழம் சக்கரத்தில் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. அப்படியும் சித்தப்பா வண்டியை எடுக்காமல் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டும், கண்ணாடியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டும் நின்றார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குப் போக மனமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்பா புழு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா இரண்டு முறை உள்ளே போய்த் திரும்பினார்.

கடைசியில் அப்பா வந்தார். ஒரு கையில் இரும்புச் சட்டி, இன்னொரு கையில் கரிப் பை. சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மேல குளுரும்னு சொல்லு உங்க சித்தப்பன்கிட்ட. பொகை போற மட்டும் வெளிய வெச்சி, நல்லா செவந்தப்புறம் உள்ள எடுத்து வெச்சிக்கச் சொல்லு. மேல கொஞ்சம் சாம்பல் தூவிட்டா விடியற மட்டும் அணையாது."

நான் திரும்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தப்பா சட்டியை வாங்கிக்கொண்டார். "சரிங்கண்ணா" என்றார். மாதக்கணக்கில் இருவரும் நேராகப் பேசிய பேச்சு அந்த ஒன்றுதான். நாங்கள் எல்லோரும் தள்ளினோம், அப்பாவும் தள்ளினார். வண்டி வாய் திறந்து, புகை விட்டு, போயிற்று.

மறுநாள் மத்தியானம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெண்கள், ரோட்டோரம் நின்ற வேனுக்குப் பக்கத்தில் புல்லில் நினைவு தப்பிக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். எழுப்பினார்கள். எழவில்லை.

அப்பா சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அடுத்த நாள் சாயங்காலம் சித்தப்பா அந்த வேனிலேயே, அவர் அடித்த கட்டிலிலேயே திரும்பி வந்தார். யாரோ ஒரு டிரைவர் ஓட்டிவந்தார். முன் சீட்டில் அப்பாவும் சித்தியும்.

மலையில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் ஊரில். சாமியைக் கும்பிடாமல் சும்மா பார்க்கப் போனால் இப்படித்தான் என்றும் சொன்னார்கள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் கேட்ட கேள்வியைப் பல வருடம் கழித்துத்தான் அம்மா என்னிடம் சொன்னார். உள்ளே நெருப்பு ஏதாவது வைத்திருந்தார்களா என்று கேட்டாராம். வெறும் கரிக் கங்குதானுங்க, புகையே இருக்காதுங்க என்று அப்பா சொல்லியிருக்கிறார். புகை இல்லாவிட்டாலும் கங்கிலிருந்து ஒரு நஞ்சுக் காற்று வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, வெளியே போக வழியில்லாத இடத்தில் தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே முடித்துவிடும் என்று டாக்டர் விளக்கினாராம்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது.

சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிக் குளித்த பிறகு, சித்தி பின்வாசலில் அம்மாவின் மடியில் சாய்ந்து கிடந்தார். அப்போதுதான் நடந்ததைச் சொன்னார். ஈரத் துண்டோடு அப்பா கிணற்றடியில் நின்றிருந்தார். நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள கதகதன்னு இருந்துச்சுக்கா. மாமா குடுத்தனுப்புன கங்குன்னு அவருக்கு அத்தன சந்தோசம். 'எங்கண்ணனுக்கு வாயிலதான்டி கோவம்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குத்தான் தலைய வலிச்சிக் கொமட்டிட்டு வந்துச்சு. எறங்குனேன். அவருக்குக் குளுரக்கூடாதேன்னு கதவ நல்லா அழுத்திச் சாத்திட்டு எறங்குனேங்க்கா."

அம்மா சித்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பா துண்டைக் கீழே போட்டுவிட்டுப் புழு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தி அப்பாவைப் பற்றி இவ்வளவு நல்ல விதமாகச் சொல்லும்போது ஏன் நின்று கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. என்னைப்போல அவருக்கும் யாராவது புகழ்ந்தால் கூச்சம் வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புழுக்கள் தோல் உரித்து எழுந்தன. தீனிக்குத் தாமதிக்கக்கூடாது என்பதால் அம்மாவும் நானும் விடிந்ததும் இலை பறிக்கப் போனோம்.