கோவிந்தன் ஜோடிக்கு வந்த மணியார்டர்

மனு எழுதுவதும் மறியல் செய்வதும் என் தொழில். இரண்டுக்கும் கூலி கிடையாது, அடி மட்டும் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருடம் தொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். எங்களுக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை தப்பினால் எதிராளி அந்த இடைவெளியில் தப்பித்துக்கொள்வான்.

முதலாவது, உப்புச் சுமக்கும் கூடையைப் பெரிதாக்கினார்கள். கூலி பழைய கூடைக்குத்தான். இரண்டாவது, அளத்துக்கு வந்துகொண்டிருந்த குடிதண்ணீர் வண்டியை நிறுத்தினார்கள். மூன்றாவது, தண்ணீர் எங்கே என்று கேட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். நான்காவது, மழைக்கால முன்பணம். ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் முழுகிவிடும். தை வரை வேலை இல்லை. தீபாவளி சமயம் முதலாளிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வீடு வீடாக வந்து முன்பணம் கொடுப்பான். வாங்கியவன் அடுத்த சீசன் முழுக்க வேறு அளத்துக்குப் போக முடியாது, கூலி உயர்வு என்று வாய் திறக்க முடியாது. அடுப்பு எரியாத மாதங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது நீட்டிய பணத்தை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

என் நோட்டீசு

ஒரு வருடம், மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஆதரவற்ற விதவைகளுக்குச் சர்க்காரிடமிருந்து மாதம் இருபது ரூபாய் மணியார்டரில் வரும் என்று செய்தி வந்தது. நான் அன்றைக்கே ஒரு நோட்டீசு அடித்தேன்: “பிச்சை வேண்டாம், வேலை கொடு!” சங்கக் குடும்பம் எதுவும் மனுப் போடக் கூடாது என்று தீர்மானமும் போட்டோம். அந்த நாலு வார்த்தையை அச்சில் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

ஒரு வாரத்தில் கோவிந்தனின் மனைவி வந்து நின்றாள். கோவிந்தன் எங்கள் ஆள், பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டான். உப்பளத்தில் ஆள் எடுப்பது ஜோடியாகத்தான். புருஷன் வாருவான், பெண்டாட்டி சுமப்பாள். ஜோடி இல்லாதவளுக்கு இடம் இல்லை. மீதி சீசனை அடுத்தவர் பாத்தியில் எடுபிடியாக ஓட்டியிருந்தாள். இப்போது மேஸ்திரி ஒரு வழி சொல்லியிருந்தான்: மகளை ஜோடியாகக் கூட்டி வா, முன்பணமும் தருகிறேன். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. “பணத்துக்கு மனு எழுதிக் குடுங்கண்ணா” என்றாள். நான் பதிலுக்கு என் நோட்டீசை முழுவதும் வாசித்துக் காட்டினேன். நின்றபடியே கடைசி வரி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நல்லாதான் இருக்குதுண்ணா. பானையில போட்டு வேக வெச்சா எத்தினி பேரு சாப்புடலாம்?”

சங்கப் பதிவேடு

வெட்கமாக இருந்தது, காகிதத்தை எடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். தண்ணீர் மறியலில் என்னோடு போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டவள். அளத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது ‘கோவிந்தன் ஜோடி’. கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காமல், சரிபார்ப்பவன் போலச் சங்கப் பதிவேட்டைத் திறந்தேன். அதிலும் “கோவிந்தன் (ஜோடி)” என்றுதான் இருந்தது. ஜோடிக்கு ஒரு சந்தா, ஒரு பெயர். விதியைப் போட்டவன் நான். மேஸ்திரி ஆள் பெயர் எழுதும் மஸ்டரும் இதே மாதிரிதான்: பெயர் ஆம்பிளைக்கு, கூலியும் அவன் கையில்.

அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் என் முகத்தை வாசித்துவிட்டாள். “அஞ்சலை. எழுதிக்குங்க” என்றாள். எழுதினேன். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்:

“மேஸ்திரியப் பாத்து நீங்க எழுதாம வுட்டீங்களா, உங்களப் பாத்து அவன் வுட்டானாண்ணா?”

கர்ணத்தின் கையெழுத்து

மனுவில் ‘ஆதரவற்றவர்’ என்று ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் சான்று எழுத வேண்டும். எங்கள் கர்ணம் என்னால் பல தடவை வாசலில் மறிக்கப்பட்டவர். முதல் நாள், “சங்கம் இருக்கும்போது அந்தப் பொண்ணு எப்படி ஆதரவற்றவ?” என்றார். இரண்டாம் நாள் ஊரில் இல்லை. மூன்றாம் நாள் சட்டைப்பையிலிருந்து என் நோட்டீசையே எடுத்து விரித்தார். “பிச்சை வேணாம்னு நீங்கதானே அடிச்சிருக்கீங்க? கையெழுத்துப் போட்டு உங்க கொள்கையைக் கெடுக்கலாமா?” கூட வந்த அஞ்சலை என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

அன்று சைக்கிளை அடகு வைத்து இரண்டாவது நோட்டீசு அடித்தேன். “முந்தைய தீர்மானம் தவறு. ரத்து செய்யப்படுகிறது. உதவிப் பணம் பிச்சை அல்ல, பாக்கி. செயலாளர்.” வாழ்க்கையில் என் தப்பை நானே அச்சடித்தது அது ஒரு தடவைதான். கர்ணம் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். பேனாவைத் திறந்தார்.

“உங்க வாயால தப்புன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு எத்தனை வருஷமா காத்துக்கினு இருந்தேன்! இந்தாங்க கையெழுத்து.”

கூனிமேட்டு பாய்

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே தபால்காரர் முதல் மணியார்டரைக் கொண்டுவந்தார். மேஸ்திரி முன்பணப் பையோடு சுற்றிக்கொண்டிருந்த அதே வாரம். அரிசி வாங்கி வை என்றேன். ஆடு வாங்கு என்றேன். அஞ்சலை கடலோரக் கூனிமேட்டுக்கு நடந்து போய் ஒரு கூடை கருவாடு வாங்கினாள். எனக்குக் கோபம். தொழிலாளி வியாபாரியாகக் கூடாது என்று நான் படித்த துண்டுப் பிரசுரங்கள் அத்தனையிலும் போட்டிருந்தது. மழை நாளில் மீன் கிடைக்காது, கடல் இல்லாத ஊர்ப் பக்கம் கருவாட்டுக்குக் கிராக்கி என்று எதிலும் போடவில்லை. வானூர்ப் பக்கத்து ஊர்களில் கருவாட்டைக் கொடுத்து நெல்லாகவும் காசாகவும் வாங்கி வந்தாள். மறுபடி கூனிமேடு, மறுபடி கூடை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டுக் கருவாட்டுக்கடை பாயைப் பார்க்கப் போனேன். அவர் சிரித்தார்.

“கடனுக்கு வர்றவங்ககிட்ட நான் பேசுவேன், அவங்க கேப்பாங்க. இந்தம்மா கையில காசோட வர்றாங்க. அவங்க பேசறாங்க, நான் கேக்கறேன் சார்.”

மேஸ்திரி இரண்டு தடவை வந்தது

முதல் தடவை மேஸ்திரி வாசலில் நின்று பையைத் தட்டினான். அஞ்சலை கருவாட்டைப் பிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். இரண்டாம் தடவை தொகையைக் கூட்டினான். “மணியார்டரு எத்தினி நாளைக்கு வரும்னு நெனைக்கற? தையில என் காலடிக்குத்தான் வரணும்” என்றான். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

“அப்ப வர்றேன். இப்ப வழிய வுடு மேஸ்திரி, நாத்தம் உன் சட்டையில ஒட்டிக்கப் போவுது.”

எல்லோருக்கும் இல்லை

உண்மையை மறைக்கக் கூடாது. அஞ்சலையைப் பார்த்து இன்னும் நாலு விதவைகள் மனுப் போட்டார்கள், வாங்கினார்கள், முன்பணத்தை மறுத்தார்கள். மற்ற ஜோடிகளெல்லாம் அந்த வருடமும் மேஸ்திரியிடம் கை நீட்டினார்கள். புருஷன் உயிரோடு இருக்கிற வீட்டுக்கு மழைக்காலத்தில் பணம் அனுப்ப எந்தச் சட்டமும் இல்லை. அதற்கும் மனு எழுதினேன், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுவில் கைநாட்டு வைக்க வந்த ஒருத்தி, பக்கத்தில் நின்ற தன் புருஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எனக்கு மணியார்டரு வரணும்னா இவுரு போய்ச் சேரணும். இவுரு எங்க, மூணு வேளையும் நல்லா துன்றாரே!”

தை மாத மஸ்டர்

சீசன் தொடங்கும் நாளில் மஸ்டரை ஆட்கள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும், சங்கத்துக்கு ஒரு சாட்சி, முதலாளிக்கு ஒரு சாட்சி. பழைய போராட்டம் ஒன்றில் நாங்கள் வென்ற ஒரே விஷயம் அது. அந்த வருடம் மழை லேசில் விடவில்லை. எல்லா அளத்திலும் பாத்தி நிறையச் சேறு. அதை வார எல்லா முதலாளிக்கும் ஆள் வேண்டும். பக்கத்து அளத்து மேஸ்திரி ஆள் பிடிக்க எங்கள் வரப்பிலேயே வந்து நின்றுகொண்டிருந்தான்.

அஞ்சலையும் மற்ற நாலு பேரும் கூடையோடு வந்தார்கள். “தனி ஆளா வர்றோம். எங்க பேரு எழுதணும். கூலி எங்க கையில வரணும்” என்றாள் அஞ்சலை. “பொம்பள பேர மஸ்டர்ல எழுதற வழக்கம் இல்ல. ஜோடியோட வா” என்றான் எங்கள் மேஸ்திரி. “என் ஜோடி செத்துட்டான். நான் இருக்கறேன். உன் பணம் ஒரு காசு வாங்கல. எழுதலன்னா சொல்லிடு, அங்க அந்த மேஸ்திரி நிக்கறாரு. அவரும் வேணாம்னா கூனிமேட்டுல கருவாடு இருக்குது.” நான் வாயைத் திறந்தேன். அஞ்சலை என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். என்னைப் பேசாதே என்று சொல்ல அதுவரை போலீசாலும் முடிந்ததில்லை.

மேஸ்திரி வரப்பில் நின்றவனைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். கடைசியில் மஸ்டர் எழுதும் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பாமலேயே சொன்னான்:

“எழுதித் தொலைய்யா.”

பதினெட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியும் என்னால் வாங்கிக்கொடுக்க முடியாததை இருபது ரூபாய் மணியார்டர் மூன்றே மாதத்தில் வாங்கிக்கொடுத்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சலோடுதான் சாட்சிக் கையெழுத்துப் போட எழுந்து நின்றேன், கணக்குப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தார்: “அஞ்சலை.”