நாற்றங்காலுக்கு ஒரு வேலி

வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் வயல், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அந்த வருஷம் அது வந்தே சேரவில்லை. வாய்க்கால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டிருந்தது. ஊதாப் பூ பூக்கிற சனியன். வெட்டி வழிவிட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று நம்பி, நானும் என் மனைவியும் முழங்கால் சேற்றில் இறங்கி வெட்டினோம். ஆடு அதில் வாய் வைக்காது. அதனால் வெட்டிய குச்சிகளையே நாற்றங்காலைச் சுற்றி வேலியாக ஊன்றினோம்.

தண்ணீர் வரவில்லை. மேலே இன்னும் எவ்வளவு தூரத்துக்கு அது மண்டிக் கிடந்ததோ! நாற்று வெளுத்தது, பிறகு கருகியது. வேலிக் குச்சிகள் மட்டும் எந்தத் தண்ணீரைக் குடித்தனவோ, துளிர்த்தன. ஒருநாள் காலையில் பார்த்தால் பூத்தும் இருந்தன.

ஆத்திரம் தாங்காமல் ஒரு பக்க வேலியைப் பிடுங்கினேன்.

"ஆடு வந்துடுங்க," என்றாள் மனைவி, பழக்கத்தில்.

"வரட்டும். ஆடாவது தின்னுட்டுப் போவட்டும்."

ஆடுகள் உள்ளே போய்க் காய்ந்த நாற்றை மேய்ந்தன. பிடுங்கிய குச்சிகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எங்கே போட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.