வேலும் அவித்த முட்டையும்

முருகன் என் மேல் கோபப்பட்டுத் தன் வேலாயுதத்தையே கறுக்க வைத்துவிட்டான் என்று நான் முழுசாக நம்பினேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. மூன்று தலைமுறையாக வெள்ளியில் பிழைக்கும் குடும்பம். இப்படி ஒருவன் நம்பலாமா? நம்பினேன்.

தாத்தா துருத்தியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்தவர். கொலுசோ மெட்டியோ, கேட்டவர் வாசலிலேயே உட்கார்ந்து செய்து கொடுப்பார். அப்பாவுக்கு நடக்கச் சோம்பல். பதுளையில் பட்டறையோடு கடை போட்டார். இப்போது பட்டறை அண்ணனுடையது. அவர் கையால் பிழைக்கிறார், நான் ஆர்டர் பிடித்து வாயால்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவுக்காக அண்ணன் ஒரு வெள்ளி வேல் செய்தார். கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

"சாமி சாமான் கொண்டு போறீங்க. இன்னைக்குச் சோறும் பருப்பும்தான்" என்றாள் மனைவி.

பக்தியோடு தலையாட்டினேன். அவள் குளிக்கப் போனதும் அவித்த முட்டை இரண்டை உரித்துச் சோற்றுப் பார்சலுக்குள் செருகினேன். துணியில் சுற்றிய வேல், அதன் மேல் பார்சல், எல்லாம் ஒரே பை.

பசறை தாண்டி மண் சரிந்து கிடந்தது. பஸ் நெடுநேரம் நின்றது. மடியில் பை, பையின் மேல் பக்கத்துச் சீட்டு ஐயாவின் முழங்கை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், கோயில் வாசலில் மேளத்தோடு வரவேற்பு. கோயில் தலைவர் துணியைப் பிரித்தார். பளபளவென்ற வேலின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

"என்னங்க இது? வெள்ளிதானா?"

"ஆமாங்க தலைவரே, சுத்த வெள்ளி."

"எங்க வீட்டு அலுமினியச் சட்டி இதவிடத் தேவலாம் போல இருக்கே!"

மேளம் நின்றது. அத்தனை கண்ணும் என் மேல். இந்தத் தோட்டத்தில் போலி என்று பெயர் வந்தால் மாலைக்குள் மலை முழுக்கப் பரவும். தாத்தா நடந்து சேர்த்த பெயர் அதோடு சரி. முட்டைதான் காரணம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் விளங்கிய விதம் வேறு. தீட்டு! மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் அதற்கு முடி மிச்சம் இல்லாததை முருகன் கவனிக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

கோயிலுக்குப் பின்னால் ஓடி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சாமி குத்தம் ஆயிருச்சு. வேல் கறுத்துப் போச்சு!"

"பைக்குள்ள வேற என்னடா வச்ச?"

"சோறு."

"சோத்துக்குள்ள?"

"...முட்ட."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அப்பா பட்டறைக்குள்ள முட்டைய விடாம இருந்தது எதுக்குன்னு நெனச்ச?"

"பக்தின்னு."

"முட்ட பட்டா வெள்ளி கறுக்கும்டா, மடையா! திருநீறு போட்டுத் தேய். அழுது தொலைக்காத."

ஒரு தட்டுத் திருநீறும் ஈரத்துணியும் கேட்டேன். ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று எண்ணிய இரண்டு அம்மாமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கை வலிக்கத் தேய்த்தேன்.

"விடுங்க, வேல் கரைஞ்சிறப் போவுது" என்றார் தலைவர். மேளம் மறுபடி தொடங்கியது.

நடந்தது இவ்வளவுதான்: பஸ்ஸில் முட்டை நசுங்கி, அதன் ஈரம் துணி வழியே கசிந்து, வெள்ளி கறுத்தது. தேய்த்ததும் வெளுத்தது. பொழுது சாயுமுன் வேல் சாமியின் கையில் இருந்தது.