பச்சை வட்டம் தோன்றும் வரை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஓர் அழைப்பு மணி இருக்கிறது. அதை அழுத்தியதும் நடைவழிச் சுவரிலுள்ள திரையில் அறை எண் தெரியும். அதன் அருகே வினாடிகள் ஓடத் தொடங்கும். நாங்கள் அறைக்குள் போய் மணியை அணைத்தால்தான் நிற்கும். அயர்லாந்துக்கு வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஊரில் ஒருவர் கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே "இதோ வரன்" என்று குரல் கொடுத்துவிட்டால் பாதி போய்ச் சேர்ந்த மாதிரி. இங்கே குரல் கணக்கில் வராது, கால்தான் போய்ச் சேர வேண்டும். பதினான்காம் அறையிலுள்ள நோரா அம்மாளிடம் நான் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வினாடிக்குள் போய்விடுகிறேன். டைரி எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. வினாடியை எழுதும் பழக்கத்தை அந்தத் திரைதான் கொடுத்தது.

என் கணவர் ஆரோக்கியம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிறார். மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அவர் மட்டும்தான். அவர் தங்கை ஸ்டெல்லா அடுத்த தெருவில் இருக்கிறாள். அவருக்குச் சர்க்கரை உண்டு, தோட்டத்தில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் உண்டு. அதனால் தினமும் காலைத் தேநீர் இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவேன். ஊரில் அப்போது வெயில் சாய்ந்திருக்கும். மணி அடிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் முகம் தெரியும் வரை எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வேன்.

அவருடைய போன் நான் கிளம்பிய ஆண்டு அரூரில் வாங்கியது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது, பிரீபெய்டு சிம். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே அதைச் சோதித்தேன். அழைப்பு வந்தால் மணி உடனே அடிக்கும். திரை மட்டும் இருண்டே கிடக்கும். மேலே தள்ள வேண்டிய பச்சை வட்டம் தோன்ற ஒன்பது வினாடி. என் போனில் மூன்று. இங்கே திரும்பியதும், என்னோடு வேலை செய்யும் சேலத்துப் பெண்ணின் விலையுயர்ந்த போனிலும் பார்த்தேன், ஒன்றுகூட முழுதாக ஆகவில்லை. மூன்றையும் கட்டம் போட்டு எழுதி வைத்தேன்.

பிப்ரவரியில் அவர் எடுக்கப் பதிமூன்று வினாடி ஆனது. ஏப்ரலில் இருபது. ஜூனில் இருபத்தெட்டு. மலிவான போன் நிரம்ப நிரம்ப மெதுவாகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் இருபதைத் தாண்டினால் அந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வினாடி போனுடையதா, அவருடையதா? போன் தூங்குகிறதா, அவர் கிணற்றடியில் கிடக்கிறாரா? இல்லத்தில் போர்வை, விரிப்பு அடுக்கும் துணி அறையில் நின்றபடி எண்ணிக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, அந்தக் குட் மார்னிங் படத்தையெல்லாம் அழிச்சீங்களா?"

"அழிச்சிட்டன். உங்கண்ணன் அனுப்பன பொங்கல் வாழ்த்து மட்டும் வச்சிருக்கறன். அதயும் அழிச்சா மச்சான் மொறப்பாரு."

"வெளையாடாதீங்க. ஏன் இவ்ளோ நேரம்?"

"போனு ஹேங் ஆயிடுது, நான் என்னா பண்றது?"

ஒரு நாள் மணி அடித்து அடித்துத் தானாகவே நின்றது. மறுபடி கூப்பிட்டபோது எடுத்துவிட்டார். அன்று மாலையே இங்குள்ள கடைக்குப் போனேன். இருப்பதிலேயே வேகமான போன் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண், வாங்குவது யாருக்கு, கேம் விளையாடுவாரா என்று கேட்டாள். இல்லை, மரவள்ளி போடுகிறார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பிறகு எதற்கு வேகம் என்றாள். நான் கூப்பிட்டால் எடுக்க என்றேன். "அதற்கு எந்தப் போனும் போதுமே" என்று சிரித்தாள். என் நிலைமை இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். விடுமுறைக்குக் கிளம்பிய சேலத்துப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

புதுப் போன் கைக்குப் போன முதல் நாள் இருபத்தேழு வினாடி. பழக்கமில்லை என்று டைரியில் எழுதினேன். மறுநாள் இருபத்தொன்பது. எழுதக் காரணம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மூன்றே வினாடியில் முகம் தெரிந்தது. ஸ்டெல்லாவின் முகம்.

"அண்ணன் மோட்டாரு நிறுத்தப் போயிருக்குதுங்க அண்ணி. இப்ப வந்துரும்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மூன்று என்று குறித்துவிட்டேன். அதே போன்தான். கைதான் வேறு.

"ஸ்டெல்லா, அண்ணன் போன் எடுக்கறத நீ பாத்திருக்கியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாத்திருக்கறன் அண்ணி. வலது கை நடுங்குது. அந்தப் பச்சையத் தள்ளறதுக்குள்ள நாலு தடவ வழுக்கிடுது. பொங்கலுக்கு அப்பறந்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சி."

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கியது. படம் லேசாக ஆடியது. இப்படி ஆடும்போதெல்லாம் "நடந்துகொண்டே பேசுகிறார்" என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அன்றிரவு புரட்டிப் பார்த்தேன், பதினோரு இடங்கள். நோரா அம்மாளின் கை தேநீர்க் கோப்பையைத் தொடும்போது நடுங்கினாலும் கவனித்து எழுதுகிறவள் நான்.

"ஏங்க சொல்லல?"

"போன மாத்திட்ட. கைய எந்தக் கடையில வாங்குவ?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து, "சொன்னா நீ கெளம்பி வூட்டுக்கு வந்துருவ. புள்ள படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது இல்ல?" என்றார்.

மூன்று வார விடுப்பு கேட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த வியாழன் பயணம். சேலத்தில் நரம்பு மருத்துவரிடம் நேரமும் வாங்கியாகிவிட்டது. அவர் சொல்வதைப் பொறுத்து இங்கே திரும்புவேனா என்பதை இன்று என்னால் எழுத முடியவில்லை. டைரியில் அந்த வரி மட்டும் காலியாக இருக்கிறது.

இன்று தேநீர் இடைவேளையில் நடைவழியில் நின்று அவரைக் கூப்பிட்டேன். மணி போகத் தொடங்கியது. அதே நேரம் சுவர்த் திரையில் பதினான்கு ஒளிர்ந்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு கணக்கு சுவரில் ஓடியது, ஒரு கணக்கு என் காதில். பத்தொன்பதாவது வினாடியில் நோரா அம்மாளின் மணியை அணைத்தேன். காதில் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.